வேலை பழகட்டும், பள்ளி நிற்க வேண்டாம்



நாம் வாசல் கூட்டும்போது மூன்று வயதுக் குழந்தை விளக்குமாற்றைப் பிடித்து இழுக்கும். "போ அந்தப் பக்கம், வேலைய கெடுக்காத" என்று விரட்டுகிறோம். அதே பிள்ளை பத்து வயதில் தின்ன தட்டைக்கூட எடுப்பதில்லை என்று குறைப்படுகிறோம். ஆசையாக ஓடி வருகிற வயதிலேயே பழக்க வேண்டும்.

எந்த வயதில் என்ன வேலை?

* 3 - 4 வயது: சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடுவது, விளையாட்டுச் சாமானை ஒதுக்கி வைப்பது.
* 5 - 6 வயது: பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, கோழிக்குத் தீனி போடுவது.
* 7 - 9 வயது: பாய் சுருட்டுவது, துணி மடிப்பது, வீடு கூட்டுவது.

அடுப்பு, கஞ்சி வடிப்பது, அரிவாள்மனை, கிணறு, பூச்சிமருந்து இவற்றின் பக்கம் பிள்ளைகளை விடக் கூடாது.

எப்படிப் பழக்குவது?

முதலில் நாம் செய்து காட்டுவோம். அடுத்து கூடவே செய்ய விடுவோம். பிறகு தனியாகச் செய்யட்டும். "வீட்டைச் சுத்தம் பண்ணு" என்றால் குழந்தைக்குப் புரியாது. "பாயைச் சுருட்டி மூலையில வை" என்றால் புரியும். கோணலாகச் சுருட்டினாலும் அதன் கண் முன்னால் பிரித்துத் திரும்பச் சுருட்டாதீர்கள். அடுத்த முறை அது கை வைக்காது.

மகனுக்கும் உண்டு

"ஆம்பளப் புள்ள கையில விளக்குமாறா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். பசி இருவருக்கும் ஒன்றுதான். இன்று மகள் கூட்டினால் நாளை மகன் கூட்டட்டும்.

உதவி எது, சுமை எது?

படிப்பு, விளையாட்டு, தூக்கம் மூன்றும் கெடாமல் செய்தால் அது உதவி. ஒன்று கெட்டாலும் சுமை. நாம் குழுக் கூட்டத்துக்கும் கூலிக்கும் போகிற நாளில் தம்பியைப் பார்க்க மகள் பள்ளிக்கு லீவு போட்டால், நம் முன்னேற்றத்துக்கு அவள் படிப்பை விலையாகக் கொடுக்கிறோம். சிறு குழந்தையை அங்கன்வாடியில் விடலாம். கூட்டத்தை விடுமுறை நாளிலோ மாலையிலோ வைக்கலாம்.

2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் உதவுவதும் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோதான். அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் வீட்டில் மகள் செய்யும் வேலை என்ன, மகன் செய்யும் வேலை என்ன?
2. போன மாதம் வீட்டு வேலைக்காக எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை?
3. அந்தப் பிள்ளைக்காக நம் குழு என்ன செய்யலாம்?