தாரிணியில் யார் பாத்திரம் கழுவுவார்கள்?

அன்பு மருமகளே,

பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தவர்களைப் பற்றிப் படித்துவிட்டு, “அந்தப் படகில் யார் சமைப்பார்கள், யார் பாத்திரம் கழுவுவார்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறாய். நல்ல கேள்வி. புயலையும் ஆளுயர அலையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அடுப்படியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கடலில் ஒரு படகு பத்திரமாகக் கரை சேர்வதும் சேராததும் பல நேரம் அந்தச் சின்ன வேலைகளைப் பொறுத்தே இருக்கிறது.

இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ கோவாவில் கட்டப்பட்ட பாய்மரப் படகு. நீளம் 56 அடி. 2024 அக்டோபர் 2 அன்று நம் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் கோவாவிலிருந்து அதில் புறப்பட்டார்கள். ஃப்ரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் துறைமுகங்களில் நின்று, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். கடலில் இருந்த நாளெல்லாம் அந்த இருவர் மட்டுமே. மாலுமி, சமையல்காரர், எலக்ட்ரீஷியன், பாய் தைப்பவர் எல்லாமே அவர்கள்தான். பாத்திரம் கழுவியவர்களும் அவர்களே.

2025 ஜனவரி 30 அன்று தென் பசிபிக்கில் ‘பாயின்ட் நெமோ’ வழியாகப் போனார்கள். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் மிக அருகிலுள்ள நிலமே ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர். ஒரு பம்ப் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிட வழியில்லாத இடம்.

இனி அடுப்படிக்கு வருவோம். இப்படிப்பட்ட படகுகளில் அடுப்பைத் தரையோடு பொருத்துவதில்லை. இரண்டு பக்கமும் அச்சில் தொங்கவிடுகிறார்கள். படகு சாயும்போது அடுப்பு எதிர்ப்பக்கம் ஆடி, பாத்திரம் மட்டமாகவே நிற்கும். பாத்திரம் வழுக்காமலிருக்கச் சுற்றிலும் கம்பித் தடுப்பு உண்டு. அப்படியும் கடல் கொந்தளிக்கும் நாளில் அனுபவசாலிகள் மழைக்கோட்டுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பார்கள். கொதிநீர் சிந்தினால் தொடை வெந்துபோகும். டீ ஊற்றும்போது குவளையைக் கையில் பிடிப்பதில்லை. சிங்க்குக்குள் வைத்து ஊற்றுகிறார்கள். சிந்துவது சிங்க்கோடு போகும்.

அடுப்புக்குக் காஸ் வைத்திருக்கும் படகில் இன்னொரு பழக்கம் கட்டாயம். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் தரையோடு பரவி, கதவு திறந்திருந்தால் வெளியே போய்விட வழியுண்டு. படகின் அடிப்பாகமோ தண்ணீர் புகாதபடி மூடிய கிண்ணம். கசிந்த காஸ் அங்கேயே இறங்கித் தேங்கிவிடும். பிறகு ஒரு ஸ்விட்சின் பொறி போதும், படகே வெடிக்க. அதனால் சமைத்து முடித்ததும் அடுப்பின் குமிழைத் திருப்பிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. முதலில் சிலிண்டர் வால்வை மூட வேண்டும், குழாயில் மிச்சமிருக்கும் காஸ் எரிந்து தீர்ந்து சுடர் தானே அணைய வேண்டும், அதன்பிறகுதான் குமிழ். வேளை தவறாமல், எத்தனை களைப்பானாலும்.

தண்ணீரைப் பார். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. கடல்நீரை அதிக அழுத்தத்தில் சவ்வு வழியே செலுத்தி நல்ல நீராக்கும் கருவிகள் உண்டு. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், கருவி கெட்டும் போகலாம். எனவே பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துவிட்டு, கடைசியாக ஒரு கை நல்ல நீரில் அலசுவார்கள். துணியையும் உடம்பையும் உப்போடு அப்படியே விட்டுவிட முடியாது. துணியில் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; எத்தனை வெயிலில் போட்டாலும் சட்டை முழுதாகக் காயாது, உரசி உரசித் தோல் புண்ணாகும்.

தூக்கமும் ஒரு வேலைதான். இருவர் இருந்தால் ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்குகிறார், முறை வைத்து. படுக்கையின் ஓரத்தில் கட்டியிருக்கும் துணித் தடுப்பு இல்லாவிட்டால் படகு சாயும்போது ஆள் தரையில்தான் கிடப்பார்.

பழுது பார்ப்பதும் அப்படி ஒரு வேலைதான். அதற்கு இங்கிலாந்துக்காரர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனைப் பற்றித் தெரிந்துகொள். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். 1968 ஜூன் 14 அன்று ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்டு 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பினார். அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு. பயணத்தின் தொடக்கத்திலேயே பலகை இடுக்கில் நீர் கசிந்தது. நடுக்கடலில் நீருக்குள் இறங்கி, இடுக்கில் பருத்தி நூலைத் திணித்து, மேலே கித்தான் வைத்துச் செப்பு ஆணி அடித்தார். பிறகு தொட்டியிலிருந்த குடிநீர் கெட்டுப்போனது. மழைநீரைப் பாயில் பிடித்துச் சமாளித்தார். அந்தப் பயணம் ஒரு பந்தயம். அதில் புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. அவர் படகு வேகமானதல்ல. பழுதைப் பார்த்த அன்றே கையில் எடுக்கும் குணம் அவரிடம் இருந்தது.

இன்றும் பொறுப்பான மாலுமி தினமும் ஒரு முறை படகை அணியம் முதல் சுக்கான் வரை சுற்றி வருவார். கப்பியில் உரசும் இடத்தில் கயிறு நைந்திருக்கிறதா? ஆணி தளர்ந்திருக்கிறதா? படகின் அடியில் நேற்றைவிட அதிகமாக நீர் தேங்கியிருக்கிறதா? தேங்கிய நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. உப்புக் கரித்தால் வெளியிலிருந்து புகுந்த நீர், கரிக்காவிட்டால் உள்ளே தொட்டியில் கசிவு.

உனக்கும் ஆசை இருந்தால் கேள்: சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் நன்றாக நீந்தக் கற்றுக்கொள். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டுப் பழகு. வீட்டில் சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடும் வேலையை இன்றே உன் வேலையாக எடுத்துக்கொள்.

அன்புடன்,
மாமா