கல்லூரி விளையாட்டும் நம்ம பிள்ளைகளும்



"படிக்கிற புள்ளைக்கு ஆட்டம் எதுக்கு?" என்று நம் ஊர்ப் பக்கம் கேட்பார்கள். படிப்பும் ஆட்டமும் ஒன்றாக இருக்கிற இடம் கல்லூரி. அதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில்:
அந்த நாட்டில் 1924-லேயே கல்லூரிகள் சேர்ந்து ஒரு விளையாட்டுச் சங்கம் ஆரம்பித்தன. 1938-ல் நான்கு பல்கலைக்கழகங்கள் இன்னொரு சங்கம் தொடங்கின. இப்போது அதில் எட்டு இருக்கின்றன. அத்தெனியோ என்றால் நீலம், லா சால் என்றால் பச்சை. இரண்டும் மோதினால் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்குமாம். பெண்கள் வாலிபாலுக்கும் அரங்கம் நிறைந்துவிடும். இதைப் படித்ததும் எனக்கு ரொம்ப ஆச்சரியமாகப் போச்சு.

நம் நாட்டில்:
1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அது இப்போது நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நம் அணியோடு போனவரும் அவர்தான். பி.டி. ஆசிரியர் ஆவதற்கும் தனிப் படிப்பு உண்டு என்று காட்டிய கல்லூரி அது.

போட்டி நடக்கும் முறை:
1. முதலில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும். திருப்பூர் சிக்கண்ணா அரசு கல்லூரி, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது.
2. நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள்.
3. அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அதில் முன்னால் வந்தால் அகில இந்தியப் போட்டி.

1956-57 முதல் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை கொடுக்கப்படுகிறது. 2020-ல் புவனேஸ்வரில் முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் நடந்தன.

ரேவதி அக்கா:
மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டிதான் வளர்த்தார். பள்ளியில் வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அதைப் பார்த்தார். பாட்டி முதலில் தயங்கினார். கண்ணன் பேசிச் சம்மதிக்க வைத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் சேர உதவினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி ஓடினார். வீட்டில் ஒருவர் போய்ப் பேசியதால் நடந்தது இது.

நம்ம கதை:
கோ-கோ ஆட ஒன்பது பேர் வேணும். போன வருசம் எங்க செட்டில் பன்னிரண்டு பேர் இருந்தோம். இப்ப ஆறு பேர்தான். மத்தவங்க யாரும் ஆட்டம் தெரியாம நிக்கலைங்க. "வயசுக்கு வந்த புள்ளை மைதானத்துல ஓடக்கூடாது"ன்னு வீட்ல சொல்லிட்டாங்க. எங்க செட்டில் ரொம்ப வேகமா ஓடறவ, இப்ப சாயந்திரம் தறிக்குடோன்ல நூல் சுத்தறா. மைதானத்தை எட்டிப் பார்த்துட்டே போறா. எங்கப்பாவும் பத்தாவதோட போதும்னுதான் சொல்லிட்டு இருந்தார். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் சேர விளையாட்டு ஒதுக்கீடு உண்டுன்னு சொன்னேன். "அப்படியா அம்மிணி?"ன்னு கேட்டார். இன்னும் சரின்னு சொல்லலை. ஆனா வேண்டாம்னு சொல்றதை நிறுத்திட்டார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசும்போது, ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு பேர் திரும்பி வந்தால் போதும், எங்க செட் நிறைஞ்சிடும்.

சிந்திக்க: உங்க வகுப்பில் ஆட்டத்தை விட்டவர் யார்? ஏன் என்று கேட்டீர்களா?

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி