எழுத்துக்களின் இடமாற்றம்

நகரம் என்னும் சொல்லில் நான்கு எழுத்துக்கள் உள்ளன. அவற்றுள் நடுவே நிற்கும் இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் அச்சொல் நரகம் ஆகிவிடுகிறது. ஓர் எழுத்தும் கூடவில்லை. ஓர் எழுத்தும் குறையவில்லை. கோடைக் காலத்தில் குடத்தை ஏந்தித் தண்ணீர்க் குழாயின் முன் நெடுநேரம் காத்து நிற்கும் நகரமாந்தர் இவ்விரண்டு சொற்களும் உறவுடையனவே என்று கூறக்கூடும். ஆயினும் சொற்பிறப்பு முறையில் அவற்றிற்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை. எழுத்துக்கள் ஒன்றாக அமைந்தது தற்செயலே.

இவ்வாறு ஒரு சொல்லின் எழுத்துக்களையே முறை மாற்றி அடுக்கி வேறொரு சொல்லை ஆக்குதலும், நீண்ட சொல் ஒன்றின் எழுத்துக்களுள் சிலவற்றைப் பொறுக்கிச் சிறு சொற்களை ஆக்குதலும் உலகெங்கும் வழங்கும் அறிவு விளையாட்டுக்களாம். இவற்றிற்குப் பலகை வேண்டா, காய் வேண்டா. ஒரு துண்டுத் தாளும், ஓரளவு சொல்வளமும் போதும்.

தமிழில் இவ்விளையாட்டை ஆடப் புகுவோர், எழுத்து என்று எதனைக் கொள்வது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்கள் நமக்கு உண்டு. உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே கொண்டால், ‘மலை’ என்னும் சொல்லில் ‘ம’, ‘லை’ என்னும் இரண்டே எழுத்துக்கள் உள்ளன. அவற்றை எப்படி மாற்றினாலும் வேறு சொல் பிறவாது. ஆனால் உயிர் வேறு, மெய் வேறு எனப் பிரித்தால் ம், அ, ல், ஐ என நான்கு ஒலிகள் கிடைக்கின்றன. உடனே அம்மலையிலிருந்து அலை எழுகிறது. மையும், மல்லும், இரவைக் குறிக்கும் அல்லும் வெளிப்படுகின்றன. இம்முறை சுவையுடையதே. ஆயினும் நம் பழம்புலவர்கள் எழுதப்பட்ட எழுத்தையே அலகாகக் கொண்டனர். ஈண்டு நாமும் அவ்வாறே கொள்வோம்.

அவ்வாறு கொள்ளும்போது தமிழின் இலக்கணம் குறுக்கே வந்து நிற்கிறது. எல்லா எழுத்தும் மொழிக்கு முதலில் வாரா. மெய்யெழுத்துத் தனித்துச் சொல்லைத் தொடங்காது. டகரம், ரகரம், லகரம், ளகரம் முதலியனவும் தமிழ்ச்சொல்லின் முதலில் நில்லா. வல்லின மெய்கள் சொல்லின் ஈற்றில் நில்லா. மெய்யெழுத்தை அடுத்து எம்மெய் வரலாம், எது வரலாகாது என்பதற்கும் வரையறை உண்டு. ஆகையால் ஆங்கிலம் முதலிய மொழிகளில் எளிதாகக் கிடைக்கும் இடமாற்றச் சொற்கள் தமிழில் அருகியே கிடைக்கும். கிடைக்கும்போது அவை முத்துப்போல் மதிக்கத்தக்கவை. கதவு என்பதைத் தகவு ஆக்கலாம். கபடம் என்பதைப் படகம் ஆக்கலாம். படகம் என்பது பறைவகைகளுள் ஒன்று. வாகனம் என்னும் சொல் இன்னும் சிறந்தது. அதனை வானகம் எனவும் மாற்றலாம். கனவாம் எனவும் மாற்றலாம். வானகத்தில் வாகனம் செல்லும் என்பது 1903-ஆம் ஆண்டில் ரைட் உடன்பிறந்தார் விமானத்தில் பறந்து காட்டும்வரை பலருக்கும் கனவாம் என்றே தோன்றியது. ஒரே நான்கு எழுத்துக்கள் இச்செய்தி முழுவதையும் தாங்குகின்றன!

இனி ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு முறையாக ஆராய்ந்து பார்ப்போம். மரகதம் என்பது ஒன்பான் மணிகளுள் ஒன்று. ம, ர, க, த, ம் என்னும் ஐந்து எழுத்துக்கள் அதன்கண் உள்ளன. ஐந்து எழுத்துக்களை 120 வகையாக அடுக்கலாம். அத்தனையையும் எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பவர் பொழுதை வீணாக்குபவரே ஆவர். மகரமெய்யை ஈற்றில் நிறுத்திவிட்டால் எஞ்சியவை 24. அவற்றுள் ரகரத்தில் தொடங்கும் 6 அடுக்குக்களை நீக்கினால் 18 எஞ்சும். இலக்கணம் தடையாக வந்து நின்றது என்று சற்றுமுன் கூறினோமே, அதுவே இங்கே துணையாகவும் நின்று நம் உழைப்பைக் குறைக்கிறது.

இனி ஓரெழுத்தை விலக்குவோம். ரகரத்தை விலக்கினால் மகதம் தோன்றுகிறது. அசோகன் ஆண்ட நாடு அது. தகரத்தை விலக்கினால் மகரம் கிடைக்கிறது. அது சுறாமீனையும், ஓர் இராசியையும், ‘ம’ என்னும் எழுத்தையும் குறிக்கும். முதலில் நிற்கும் மகரத்தை விலக்கி எஞ்சியவற்றை மாற்றி அடுக்கினால் தகரம் உண்டாகிறது. மணியினுள்ளே தகரம் இருத்தல் வியப்பன்றோ? ஆயினும் தகரம் என்பது மணமுள்ள ஒருவகை மரத்திற்கும் பெயர் என்பதை அறிந்தால் அவ்வியப்புச் சற்றுக் குறையும். மூன்றெழுத்துச் சொற்களோ பல. மரம், மதம், கரம், தரம் ஆகியவை எவர்க்கும் தோன்றும். மகம் என்னும் விண்மீனை நினைப்பவர் சிலர். கதம் என்றால் சினம். தமம் என்றால் இருள். கமம் என்றால் நிறைவு. ஈழநாட்டில் வேளாண்மையையும் விளைநிலத்தையும் கமம் என்றே இன்றும் வழங்குவர். ரதம், ரகம் என்பவற்றைச் சேர்க்கலாமோ என்று மாணவர் வினவுவர். அவை தமிழில் இரதம், இரகம் என இகரம் பெற்றே வருதல் மரபு. மரகதத்தில் இகரம் இல்லை. ஆதலால் அவற்றைத் தள்ளிவிடுதலே நேர்மை. ஆட்டத்தில் விதியைத் தளர்த்தினால் வெற்றிக்கும் சுவை இராது.

நம் முன்னோர் இவ்விளையாட்டைச் செய்யுளிலேயே ஆடினர். அவ்வகைச் செய்யுட்களைச் சித்திரகவி என்றும் மிறைக்கவி என்றும் கூறுவர். 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரமும், 16-ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப்பெருமாள் கவிராயர் இயற்றிய மாறனலங்காரமும் இவற்றின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றன. ஒரு சொல்லினின்று எழுத்துக்களை ஒவ்வொன்றாக நீக்கி, நீக்குந்தோறும் வேறு பொருள் தோன்றச் செய்வது அக்கரச் சுதகம். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்வது எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளின் எழுத்துக்களுக்கிடையே மற்றொரு செய்யுளை ஒளித்துவைப்பது கரந்துறை செய்யுள்.

திரிபாகி என்று மற்றொன்று உண்டு. மூன்றெழுத்தாலாகிய ஒரு சொல் தானும் பொருள் தந்து, முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் சேர்ந்து ஒரு பொருளும், இடையெழுத்தும் ஈற்றெழுத்தும் சேர்ந்து ஒரு பொருளும் தருவது அது. காவிரியை எடுத்துக்கொள்க. முதலும் ஈறும் சேரக் காரி என்னும் வள்ளல் வருவான். இடையும் ஈறும் சேர விரி என்னும் ஏவல் வரும். நீர்நிலையில் கத்தும் தவளையோ இவ்விலக்கணத்திற்கும் மேற்பட்டது! முதலெழுத்தை நீக்கினால் வளை. நடுவெழுத்தை நீக்கினால் தளை. கடையெழுத்தை நீக்கினால் தவ. தவ என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல் என்று இலக்கண வகுப்பில் கற்றிருப்பீர்கள். எவ்வெழுத்தை நீக்கினும் பொருளுள்ள சொல்லே எஞ்சும் இத்தகைய சொல் எளிதில் அகப்படாது. தாமரையை எடுத்து முயன்றால் மரையும் தாரையும் கிடைக்கும்; மூன்றாவது கிடைக்காமல் நாம் ஏமாற நேரும்.

முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமைவது மாலைமாற்று. விகடகவி என்னும் சொல்லும், ‘தேரு வருதே’ என்னும் தொடரும் நீங்கள் அறிந்தவையே. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் சீகாழியைப் போற்றிப் பாடிய திருமாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. அதிலுள்ள 11 பாடல்களும் இருதிசையும் ஒத்து ஓடுகின்றன. அவற்றை உரையின் துணையின்றிப் பொருள் காணல் கற்றவர்க்கும் அரிது. பொதுவாகச் சித்திரகவிகளுள் பல, அமைப்பில் காட்டிய திறத்தைக் கருத்தில் காட்டுவதில்லை. கட்டுப்பாடு மிகமிகக் கவிதை மூச்சுத் திணறுகிறது. இதனைச் சொல்வதால் அப்புலவர்களின் சொல்லாட்சி குறைந்துவிடாது.

இவ்விளையாட்டு ஒருகாலத்தில் விஞ்ஞானிகளுக்கு மிகவும் வேண்டிய கருவியாக விளங்கியது என்றால் நம்புவது அரிது. ஆயினும் அது மெய்யான வரலாறு.

1610-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இத்தாலிய அறிஞர் கலிலியோ தம் தொலைநோக்கியைச் சனிக்கோளின்பால் திருப்பினார். அக்கோள் தனித்து நில்லாமல் இருபுறமும் இரண்டு சிறு கோள்களோடு கூடி நிற்பதுபோல அவருக்குத் தோன்றியது. உடனே வெளியிட்டால், ஆராய்ச்சி முடியுமுன்னரே தவறு என்று தெரியவரலாம். வெளியிடாமல் காத்திருந்தால், வேறொருவர் அதனைக் கண்டு முதன்மையைத் தட்டிச் செல்லலாம். அறிவியல் முடிவுகளை வெளியிடும் இதழ்கள் அக்காலத்தில் இல்லை. இலண்டன் அரச கழகத்தின் இதழே 1665-இல்தான் தொடங்கியது. ஆகவே கலிலியோ ஒரு சூழ்ச்சி செய்தார். ‘மிக உயரத்திலுள்ள கோள் மூன்று உருவாய் இருக்கக் கண்டேன்’ என்னும் கருத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அவ்வாக்கியத்தில் 37 எழுத்துக்கள் இருந்தன. அவற்றைப் பொருளற்ற ஒரே வரியாகக் கலைத்துப் பிராகு நகரிலிருந்த தூதருக்கு அனுப்பினார். பின்னர் வேறெவரேனும் அதனையே கண்டு கூறினால், எழுத்துக்களைச் சேர்த்துக் காட்டித் தாமே முன்னர்க் கண்டதை நிலைநாட்டலாம். தம் கருத்துப் பிழை என்று தெரிந்தாலோ, வாய் திறவாமலே இருந்துவிடலாம்.

பிராகு நகரில் பேரரசரின் கணித அறிஞராக இருந்தவர் கெப்ளர். கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட பேரறிஞராகிய அவர் இப்புதிரை விடுவிக்க அமர்ந்தார். பூமிக்கு ஒரு திங்கள் உண்டு. வியாழனுக்கு நான்கு உண்டு என்று அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கலிலியோ கண்டிருந்தார். ஒன்றுக்கும் நான்குக்கும் இடையே செவ்வாய்க்கு இரண்டு இருத்தல் வேண்டும் என்று கெப்ளர் உள்ளத்தில் எண்ணம் ஓடியது. எழுத்துக்களை அடுக்கி அடுக்கிப் பார்த்து, செவ்வாயின் இரட்டை மக்களை வாழ்த்தும் பொருளமைந்த ஓர் இலத்தீன் அடியை ஆக்கிவிட்டார். அவ்வடி செம்மையானதன்று என்பதை அவரே உணர்ந்திருந்தார். நவம்பர்த் திங்களில் கலிலியோ விடையை வெளியிட்டார். கெப்ளரின் விடை தவறாயிற்று.

இவ்வரலாற்றில் வியப்புக்குரிய பகுதி இனிமேல்தான் உள்ளது. கலிலியோவின் எழுத்தடுக்குச் சரியே. ஆனால் அவர் கண்ட காட்சி தவறு. சனிக்கு அருகே அவர் கண்டவை துணைக்கோள்கள் அல்ல. அவருடைய சிறு தொலைநோக்கியில் தெளிவாகத் தோன்றாத வளையமே அவை. கெப்ளரின் எழுத்தடுக்குத் தவறு. ஆனால் அவர் சொன்ன செய்தி உண்மையாயிற்று. 1877-ஆம் ஆண்டு அமெரிக்க வானநூலார் ஆசாப் ஹால் செவ்வாய்க்குத் துணைக்கோள்கள் இருத்தலைக் கண்டார். அவை சரியாக இரண்டே! கெப்ளர் கூறிய காரணம் பொருந்தாதது. அவர் விடை மட்டும் குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்ததுபோல் பலித்துவிட்டது.

சனியின் வளையத்தை உணர்ந்தவர் ஒல்லாந்து நாட்டு ஹைகன்ஸ். அவரும் 1656-இல் தம் முடிவை எழுத்துக்களாகக் கலைத்தே வெளியிட்டார். கெப்ளரைப்போல் எவரும் தடுமாற வேண்டா என்று கருதினார் போலும், எழுத்துக்களை அகரவரிசையாகவே அடுக்கிவிட்டார். மெல்லிய தட்டையான வளையம் ஒன்று எவ்விடத்தும் கோளைத் தொடாமல் அதனைச் சூழ்ந்துள்ளது என்னும் பொருளை 1659-இல் விளக்கினார். இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் 1676-இல் 14 எழுத்துக்களை இவ்வாறே வரிசைப்படுத்தி ஒரு நூலில் அச்சிட்டு, இரண்டு ஆண்டுகள் உலகைக் காக்கவைத்தார். ‘நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு’ என்பது அதனுள் மறைந்திருந்த செய்தி. சுருள்வில்லைப் பற்றி விஞ்ஞான வகுப்பில் நீங்கள் கற்கும் ஹூக்கின் விதி அதுவே.

இத்தகைய மறைப்புக்கு இன்று தேவை இல்லை. இதழ்கள் பெருகிய பின் விஞ்ஞானிகள் இவ்வழக்கத்தைக் கைவிட்டனர். விளையாட்டு மட்டும் விளையாட்டாக எஞ்சிற்று. தலைநகரம் என்னும் சொல்லை உங்களுக்கு விட்டுவைக்கிறோம். அதன் ஆறு எழுத்துக்களிலிருந்து பத்துப் பெயர்ச்சொற்களேனும் எடுக்கலாம். நகரமும் நரகமும் முன்னரே கண்டவை. நான்கு சொற்கள் மரகதத்திலும் வந்தவை. எஞ்சிய நான்கனுள் மூன்று எவரும் அறிந்தவை. நான்காவது சற்றுக் கடினம்; மேற்கு நோக்கிப் பாயும் ஆற்றுக்குப் பெயர் அது; மூன்றெழுத்து உடையது.