உடனுறைவோர் காட்டும் கண்ணாடி

உயர்கல்விக்கெனப் பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பும் பெற்றோர், உணவு நன்றா, நீர் நன்றா என்று வினவுவர். அறையில் உடன் தங்கப்போகிறவர் எவ்வாறு எண்ணும் இயல்பினர் என்று வினவுவோர் அரியர்.

ஒருவர் தம்மை இன்னார் என்று மதிப்பது, பிறர் தம்மை எவ்வாறு காண்கின்றனர் என்று அவர் கருதிக்கொள்வதைப் பொறுத்தது. பிறர் நமக்குக் கண்ணாடி போல்வர். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கருத்தை விளக்கினார். விருந்தினர் முன் நாம் முகத்தைத் திருத்திக்கொள்ளலாம். அறைத்தோழர் முன் அது நெடுநாள் இயலாது. விடியற்காலைச் சோம்பலையும், தேர்வில் தவறிய இரவின் புலம்பலையும் அவர் அறிவார். ஆதலின் அவர் சொல்லுக்கு எடை மிகுதி.

இஃது எத்துணை ஆழம் செல்லும்? அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழக அறிஞர் ஹேஃபெல், ஹேம்ஸ் இருவரும் முதலாண்டு மாணவருள் 103 அறைத்தோழர் இணைகளை ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். அம்மாணவர் தாமே தேர்ந்து சேர்ந்தவர் அல்லர்; குலுக்கல் போலச் சேர்க்கப்பட்டவர். எனவே ஒத்த இயல்பினர் ஒருங்கு கூடினர் என்று தள்ளிவிட இடமில்லை. இடர் நேருங்கால் 'நான் எதற்கும் உதவாதவன்' என்று தம்மையே நொந்துகொள்ளும் போக்கு மிக்கவரோடு தங்கியோர்க்கு, மூன்றே திங்களில் அப்போக்குக் கூடியது. அது குறைந்தவரோடு தங்கியோர்க்குக் குறைந்தது. அவ்வாறு கூடப்பெற்றோரிடம் ஆறாம் திங்களில் மனச்சோர்வின் அறிகுறிகளும் மிகுந்திருந்தன.

இதனினும் வியப்பளிப்பது, சுவான், பெல்ஹாம் என்னும் அறிஞர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு. தம்மைத் தாழ்வாகவே உறுதியுற மதித்திருந்த மாணவர், தம்மை உயர்வாக எண்ணிய தோழரைவிட, தாழ்வாக எண்ணிய தோழரோடு தொடர்ந்து தங்கவே பெரிதும் விழைந்தனராம். புகழ்ச்சி அவர்களுக்கு அயலாகத் தோன்றிற்று. பழகிய இகழ்ச்சியோ தாம் அறிந்த தம்மையே மீண்டும் காட்டிற்று.

இதனைப் படித்தபோது யான் சற்றே திடுக்குற்றேன். மூன்றாண்டுகள் விடுதியில் வாழ்ந்தவன் யான். 'மந்தன்' என்றே என்னை விளித்த நண்பரை விட்டு வேறு அறைக்குச் செல்ல வாய்ப்பு வந்தது. வேண்டா என்று மறுத்தேன். அதனைத் தோழமையின் உறுதி என்றே அன்று நம்பினேன். அந்நண்பர் தீயவர் அல்லர். பிணியுற்ற நாளில் கஞ்சி கொணர்ந்து தந்தவரும் அவரே. எனினும் வகுப்பில் வினா எழுப்ப யான் வாய் திறந்ததில்லை.

விடுமுறைக்கு இல்லம் வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் போதே, அறையில் உன்னை எப்பெயரால் அழைக்கின்றனர் என்றும், நீ உன் தோழனை எப்பெயரால் அழைக்கின்றாய் என்றும் கேட்கலாம்.