கண்ணாடி கழுவும் தொழிலுக்குத் தண்ணீர் எப்படிச் சுத்தமாக்குவது?



பிள்ளைகள் சுயதொழில் தொடங்குவதென்றால் பெற்றோரின் சேமலாப நிதிக் காசில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அதனால் எந்தத் தொழிலானாலும் அதன் அடிப்படையைப் படித்துக்கொண்டே இறங்க வேண்டும். இம்முறை, வானில் தண்ணீர் கொண்டுபோய்க் கடை, விடுதிகளின் யன்னல் கண்ணாடி கழுவும் தொழிலைப் பார்ப்போம். காங்கேசன்துறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் அங்கே ரயில் திரும்ப ஓடியது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது.

நம்ம மலைத் தண்ணியில் சவர்க்காரம் நல்லா நுரைக்கும். யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணியில் அப்படி நுரைக்காது. கேத்தலின் அடியிலும் வெள்ளையாகப் படியும். காரணம் என்ன? அந்த மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அந்தக் கல்லை நம்பித்தான் நடந்தது. மழைத் தண்ணி அந்தக் கல்லுக்குள்ளே இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தத் தண்ணியால் கண்ணாடியைக் கழுவினால் தண்ணி காய்ந்துவிடும், உப்பு மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். உப்பே இல்லாத தண்ணி என்றால் துடைக்காமல் காயவிட்டாலும் புள்ளி வராது. இந்தத் தொழிலின் இரகசியம் இதுதான்.

சுத்தமாக்கும் படிகள்:

1. முதலில் அளக்க வேண்டும். டீ.டீ.எஸ். மீற்றர் என்ற சின்னக் கருவி தண்ணியில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும். கண்ணாடிக்கு 10க்குக் கீழே இருக்க வேண்டும்.

2. மண், தூசியைப் பிடிக்கும் பில்டர்.

3. கரி பில்டர். குழாய்த் தண்ணியில் உள்ள குளோரின் அடுத்த படியிலுள்ள சவ்வைக் கெடுத்துவிடும். அதை இது நீக்கும்.

4. ஆர்.ஓ. சவ்வு. பம்பின் அழுத்தத்தில் தண்ணி மட்டும் இதனூடே போகும். உப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். 500 காட்டிய தண்ணி ஏறக்குறைய 25க்கு இறங்கும்.

5. ரெசின் மணிகள். மிச்ச உப்பை இவை பிடித்து 0க்குக் கொண்டுவரும். ஆர்.ஓ. இல்லாமல் ரெசினை மட்டும் போட்டால் அது சீக்கிரம் தீர்ந்து, காசு கரையும்.

கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குவதும் ஆர்.ஓ. முறையில்தான். 2024 ஆகஸ்டில் திறந்த தாளையடி நிலையம் நாளொன்றுக்கு 2 கோடி 40 இலட்சம் லீற்றர் தரக்கூடியது.

இப்போது கணக்குப் பார்ப்போம். சின்ன ஆர்.ஓ. ஒரு லீற்றர் நல்ல தண்ணி தர இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாக வெளியே விடும். 300 லீற்றர் வேண்டுமென்றால் 900 முதல் 1,200 லீற்றர் வரை கிணற்றிலிருந்து இறைக்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணி உப்புத் தண்ணியின் மேலே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறே உவராகும், அயலவருக்கும் பாதிப்பு. கழிவுத் தண்ணியைப் பயிருக்கு விடாமல் மலசலகூடத்துக்குப் பாவியுங்கள்.

இதைவிடச் சிக்கனம் மழைத் தண்ணி. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே நல்ல மழை. முதல் மழையில் கூரை கழுவுப்படட்டும், பிறகு பிடியுங்கள். கடற்காற்றில் உப்பு இருக்கும், அதனால் மீற்றர் வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் பில்டரும் ரெசினும் போதும்.

கவனிக்க வேண்டியவை:

ஒரு லீற்றர் ஒரு கிலோ. 300 லீற்றர் என்றால் 300 கிலோ. முச்சக்கர வண்டி தாங்காது. வானிலும் தாங்கியை இறுக்கிக் கட்டாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது அது முன்னால் வந்து ஆளையே அடிக்கும். நீளத் தடியை மின்கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, உயிர் போய்விடும். இந்தத் தண்ணி குடிக்கிறதுக்கு இல்லை என்று தாங்கியில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். கடன் எடுக்கும் முன், நகை அடகு வைக்கும் முன், ஒரு கண்ணாடியின் பாதியைக் கிணத்துத் தண்ணியாலும், மறுபாதியைப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணியாலும் கழுவிக் காயவிடுங்கள். பற்றரித் தண்ணியும் உப்பு நீக்கியதுதான். இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வாடிக்கையாளர் காசு தரப்போகிறார். அதை முதலில் உங்கள் கண்ணாலே பாருங்கள்.