கிராம சபைப் பதிவும் ஊராட்சித் தொலைக்காட்சியும்

கிராமப் பணியில், காதால் கேட்பதைக் காட்டிலும் கண்ணால் காண்பது விரைவில் மனத்தில் பதியும் என்பதை இத்துறையில் உழைப்போர் யாவரும் அறிவர். முற்காலத்தில் ஊர் நடுவே ஊராட்சியின் வானொலிப் பெட்டி ஒன்று இருக்கும். மாலையில் உழவர்கள் அதனைச் சூழ்ந்து அமர்வர். பின்னர் 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களில் ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே வேளாண்மை, சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. அவ்வாறு மாநிலங்களுள் தமிழகம் இடம்பெறவில்லை. எனினும் அதே 1975-இல் ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. அந்நாட்களில் படம் எடுப்பவர் நகரத்தில் இருந்தார். பார்ப்பவர் கிராமத்தில் இருந்தார். இன்று அந்த நிலை மாறிவிட்டது. ஊராட்சிச் செயலரின் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே படமெடுக்கும் கருவியாகிவிட்டது.

துறையூரை அடுத்த நம் உப்பிலியபுரம் ஒன்றியத்தில் சமவெளி ஊர்களும் உண்டு. சோபனபுரத்திலிருந்து பச்சைமலை ஏறினால் மலைச் சிற்றூர்களும் உண்டு. கிராம சபைக் கூட்டம், மகளிர் குழுவின் பயிற்சி, மரவள்ளி வயலில் கண்ட பூச்சி, ஏரி மதகின் பழுது ஆகிய அனைத்தையும் இப்போது காணொளியாகப் பதிகின்றோம். ஆனால் பதிந்த படம் ஊராட்சிக் கட்டடத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டிக்கு வந்து சேர்வதற்குள் படும் பாடு சிறிதன்று. பென்டிரைவைச் செருகினால் பெட்டி அதனை ஏற்பதில்லை. அன்றேல் படம் தோன்றிப் பேச்சு கேட்பதில்லை. அன்றேல் வாய் ஒன்று கூற, ஒலி மற்றொன்று கூறுகின்றது. மக்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகின்றனர். பெட்டியும் பழுதன்று, கைப்பேசியும் பழுதன்று. இரண்டுக்கும் இடையே செய்ய வேண்டிய மாற்று வேலை ஒன்று செய்யப்படாமல் விடப்பட்டதே காரணம். அவ்வேலையைப் பற்றி இங்குக் கூறுவோம்.

இக்காலக் கைப்பேசிகள் 4கே என்னும் அளவில் படமெடுக்க வல்லவை. குறுக்கே 3840 புள்ளிகளும் நெடுக்கே 2160 புள்ளிகளும் கொண்டது அப்படம். பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். முழு எச்.டி. எனப்படும் 1920-க்கு 1080 படத்தில் 20,73,600 புள்ளிகளே உள்ளன. அதாவது சரியாக நான்கில் ஒரு பங்கு. 4கே படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்களுக்கு மூன்று பைட் என வைத்துக்கொண்டால், ஒரு தனிப்படத்துக்கே ஏறத்தாழ 25 மெகாபைட் இடம் வேண்டும். நொடிக்கு 30 தனிப்படங்கள் எடுக்கப்படுகின்றன. அவ்வளவையும் அப்படியே எழுதுவதாயின் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 750 மெகாபைட் ஆகும். கைப்பேசி சில நிமிடங்களில் நிரம்பிவிடும். ஆதலின் கைப்பேசி படத்தைச் சுருக்கியே எழுதுகின்றது. நொடிக்கு 50 மெகாபிட் என்னும் வேகத்தில் எழுதினால் நிமிடத்துக்கு 375 மெகாபைட் போதும். நூறு மடங்குக்கு மேற்பட்ட சுருக்கம் இது.

இச்சுருக்கம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அலுவலகப் பழக்கம் உள்ளவர்க்கு எளிதில் விளக்கலாம். ரொக்கப் புத்தகம் ஒன்றில் மாத முதல் தேதியன்று மட்டும் இருப்புத் தொகையை எழுதிவிட்டு, அதன்பின் அன்றன்றைய வரவையும் செலவையும் மட்டும் எழுதிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் பக்கம் குறையும். ஆனால் 17-ஆம் தேதி இருப்பு என்ன என்று தணிக்கையாளர் கேட்டால், முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். எச்.264, எச்.265 என்னும் சுருக்குமுறைகள் இரண்டும் இவ்வாறே வேலை செய்கின்றன. எங்கோ ஒரு தனிப்படத்தை முழுமையாக எழுதுகின்றன; அடுத்து வருவனவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதுகின்றன. 2003-இல் வந்த எச்.264-ஐ விட 2013-இல் வந்த எச்.265 இன்னும் நெருக்கமாகச் சுருக்கும். அதற்கேற்பக் கணினிக்கு வேலையும் மிகும்.

படத்தை முதலிலிருந்து கடைசி வரை நேராகப் பார்ப்பதற்கு இம்முறையால் தொல்லை இல்லை. வெட்டித் தொகுக்கப் புகும்போதுதான் இடர் தோன்றுகின்றது. தொகுப்பவர் நடுவிலுள்ள ஓரிடத்தைத் தொட்டவுடன், கணினி பின்னே சென்று முழுப்படத்தைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டு வருகின்றது. பழைய கணினி திணறி நின்றுவிடும். இதற்குத் தீர்வு, தினந்தோறும் இருப்பை எழுதும் ரொக்கப் புத்தகம் போன்ற கோப்பாக அதனை மாற்றிக்கொள்வதே. டி.என்.எக்ஸ்.எச்.டி., புரோரெஸ் என்பன அத்தகையவை. அவற்றில் ஒவ்வொரு தனிப்படமும் தன்னளவில் முழுமையானது. கணினிக்கு வேலை குறையும்; இடமோ மிகுதியாக வேண்டும். முழு எச்.டி. அளவில் நொடிக்கு 120 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 900 மெகாபைட். ஒரு மணி நேரப் பதிவுக்கு 54 ஜிகாபைட். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் 1280-க்கு 720 அளவில் சிறிய மாற்றுப்படி ஒன்று செய்து அதன்மேல் வெட்டி ஒட்டலாம். இறுதியில் மென்பொருள் தானே மூலத்திலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளும். ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய இலவச மென்பொருள்கள் இரண்டிலும் இவ்வசதி உண்டு.

நெல் விளைவித்தவர்க்கு இதனை வேறு வகையில் சொல்லலாம். கைப்பேசியில் உள்ள மூலப்பதிவு விதைநெல். தொகுப்புக்காகச் செய்யும் படி, களத்தில் கிடக்கும் நெல். தொலைக்காட்சிக்குச் செய்யும் படி, உலையில் இட வேண்டிய அரிசி. அரிசியிலிருந்து மீண்டும் பயிர் செய்ய இயலாது. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் படத்தின் நுட்பம் சிறிது கழிந்துபோகின்றது. கழிந்தது எந்த மென்பொருளாலும் திரும்பி வாராது.

மலைச் சிற்றூர் ஒன்றில் நடந்ததைக் கூறுவோம். சாமையும் தினையும் விதைத்துப் பழகிய முதியவர் ஒருவர், கதிரறுத்துத் தட்டித் தூற்றும் பழைய முறையைப் பேசிக்கொண்டே செய்து காட்டினார். ஓர் இளைஞர் அதனை 4கே அளவில் நன்றாகவே பதிந்தார். கைப்பேசியில் இடம் போதவில்லை. வாட்ஸ்அப் வழியே துண்டு துண்டாகக் குழுவுக்கு அனுப்பிய சிறிய படிகள் இருக்கின்றனவே என்று மூலத்தை அழித்துவிட்டார். மறு ஆண்டு பயிற்சி வகுப்பில் அதனைப் பெரிய திரையில் காட்டியபோது, கையும் கதிரும் ஒன்றாய்க் கலங்கித் தெரிந்தன. விரலை எங்கே வைத்துத் திருப்பினார் என்பது விளங்கவில்லை. மீண்டும் எடுக்கலாம் என்றால், அதற்குள் முதியவர் காலமாகிவிட்டார். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது மேலும் சுருக்கப்படும். ஆவணம் என்னும் பிரிவில் அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும். இச்சிறு வேறுபாட்டை அவ்விளைஞருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. ஆதலின், மூலப்பதிவை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் எழுதி, இரண்டிலும் திறந்து பார்த்த பின்னரே கைப்பேசியிலிருந்து நீக்க வேண்டும்.

இனி, வாயும் ஒலியும் பிரிந்து போவதன் காரணத்தை நோக்குவோம். இதுவே மிகுதியான பேரைத் துன்புறுத்துவது. கைப்பேசி நொடிக்கு 30 தனிப்படம் எடுப்பதாகச் சொல்லும். ஆனால் எப்போதும் அவ்வாறு எடுப்பதில்லை. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தாலும், கருவி சூடேறினாலும் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும். ஒலியோ குறையாமல் சீராக ஓடுகின்றது. சராசரி 29.9 ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 1,07,640 தனிப்படங்களே இருக்கும். தொகுப்பு மென்பொருள் அதனை 30 என்றே நம்பி ஓட்டினால், படம் 3,588 நொடியில் முடிந்துவிடும். ஒலி இன்னும் 12 நொடி ஓடும். தொடக்கத்தில் எல்லாம் சரியாகத் தோன்றும். கூட்டத்தின் இறுதியில் தீர்மானம் வாசிக்கும் இடத்தில்தான் குற்றம் வெளிப்படும். ஒருவர் எழுந்து ஆட்சேபம் கூறுவதைப் படத்தில் காண்போம். கேட்பது முன்னே பேசியவரின் குரலாக இருக்கும். யார் எதைச் சொன்னார் என்பதே பொருளாக உள்ள கிராம சபைப் பதிவில் இது சிறு குறை அன்று.

மாற்றும் வேலைக்கு ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் போதுமானது. அதில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து, எண்ணை 30 என்று குறிக்க வேண்டும். ஷாட்கட்டில் இத்தகைய கோப்பைத் திறந்தால், அதுவே கண்டறிந்து, தொகுக்க ஏற்ற வடிவுக்கு மாற்றட்டுமா என்று வினவும், ஆம் எனலாம். இதனைத் தொகுக்கும் முன்னரே செய்ய வேண்டும். தொகுத்த பின் செய்வது வெள்ளம் போன பின் கட்டும் அணை. சரிபார்க்க எளிய வழி, பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருவர் கைதட்டி வைப்பதே. இரண்டு இடத்திலும் கை சேர்வதும் ஒலி கேட்பதும் ஒன்றாக இருந்தால் இடையில் உள்ளதும் சரியே.

குழல் விளக்கின் துடிப்பு வேறொரு தொல்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஆதலின் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கின்றது. பழைய தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படம் என்று வைத்ததும் இந்த 50-ஐ ஒட்டியே. 30 படம் எடுக்கும் கைப்பேசியில் மண்டபத்துச் சுவர் மீது கரிய பட்டைகள் நகர்வது போல் தோன்றுமாயின், ஷட்டர் வேகத்தை 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு நொடியாக நிறுத்தினால் பெரும்பாலும் நீங்கிவிடும். பின்னர்க் கணினியில் நீக்குவது கடினம்.

4கே எப்போதும் வேண்டியதா என்று கேட்பவர்கட்கு நம் கருத்தைச் சொல்லிவிடுகின்றோம். கூட்டங்களுக்கு வேண்டியதில்லை, முழு எச்.டி. போதும். இலையடியில் உள்ள பூச்சி, மதகின் விரிசல், கைவேலையின் நுணுக்கம் ஆகியவற்றுக்கு 4கே நன்று. ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் முழு எச்.டி. அளவுக்குக் குறையாது. எச்.டி.ஆர். என்னும் மிகைநிற அமைப்பை நிறுத்தி வைப்பது நலம். பழைய பெட்டிகளில் அது வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். கைப்பேசியைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்த பதிவில், திருப்பிக் காட்டுக என்ற குறிப்பு மட்டுமே உள்ளே இருக்கும். அக்குறிப்பைப் படிக்க அறியாத தொலைக்காட்சியில் பேச்சாளர் படுத்துக்கொண்டே சொற்பொழிவு ஆற்றுவார்!

தொலைக்காட்சிக்கான படியை எம்.பி.4 கோப்பாக, எச்.264 சுருக்குமுறையில், 1920-க்கு 1080 அளவில், 8 பிட் நிறத்தில் செய்க. எச்.265-ஐப் புதிய பெட்டிகள் ஏற்கும். பழையவற்றுள் பல ஏற்பதில்லை. ஒலி ஏ.ஏ.சி. முறையில் இரு தடமாக, 48,000 மாதிரி வேகத்தில் இருக்கட்டும். ஹேண்ட்பிரேக்கில் ஆர்.எஃப். என்னும் தர எண்ணை 20 முதல் 24-க்குள் வைக்கலாம்; எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். கோப்பின் அளவை முன்கூட்டியே அறிய விரும்புவோர் நொடிக்கு 8 மெகாபிட் என்று நிறுத்திக்கொள்ளலாம். அவ்வாறாயின் ஒரு மணி நேரப் படம் 3.6 ஜிகாபைட் ஆகும். இக்கணக்கு ஏன் எனில், பல பெட்டிகள் படிக்கும் ஃபேட்-32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பை ஏற்பதில்லை. மேலும் நீண்ட கூட்டமாயின் இரு பகுதியாகப் பிரித்து எழுதுக.

2006 முதல் அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளைப் போன்ற பழைய குழாய்ப் பெட்டிகள் எங்கேனும் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றுக்கு இவை பொருந்தா. அவற்றுக்கு 720-க்கு 576 அளவில், நொடிக்கு 25 படமாக, டி.வி.டி. தட்டில் எழுதி இயக்கியின் வழியே காட்ட வேண்டும்.

பழைய கணினியில் ஒரு மணி நேர 4கே பதிவை மாற்றப் பல மணி நேரம் பிடிக்கும். கூட்டத்தன்று காலையில் தொடங்குவது வீண். முன்னிரவே வேலையை இட்டுவிட வேண்டும். மின்தடை நேர்ந்தால் அரைகுறைக் கோப்பு எதற்கும் பயன்படாது. ஆதலின் மின்கலம் நல்ல நிலையில் உள்ள மடிக்கணினி ஏற்றது. முழுப்பதிவையும் மாற்றுமுன், இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை மாற்றி, மக்கள் பார்க்கப்போகும் அதே பெட்டியில் போட்டுப் பார்க்க வேண்டும். கோப்புக்கு ஊர், நாள், வரிசை எண் மூன்றையும் பெயராக இடுக; அதனுடன் மூலம், தொகுப்பு, திரை என எந்தப் படி என்பதையும் சேர்த்தால் தவறி அழிப்பது குறையும்.

அப்பெட்டி எந்த அளவை ஏற்றது, எதனை ஏற்கவில்லை, பென்டிரைவ் எம்முறையில் அமைந்திருந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவைக்கலாம். செயலர் மாற்றலாகிப் போனாலும் தாள் அங்கேயே இருக்கும்.