எல் நினோ ஆண்டில் ஐப்பசி மழை பொய்க்குமா?

“இந்த ஆண்டு எல் நினோ வருகிறது. மழை குறையும்” என்ற செய்தி வந்ததும் மானாவாரி விவசாயிகளுக்குக் கலக்கம் ஏற்படுகிறது. விதை வாங்கலாமா, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் அந்தச் செய்தி பெரும்பாலும் இந்தியா முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழையைப் பற்றியது. தமிழகத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழையாகும். இவ்விரு மழைகளின் மீதும் எல் நினோவின் விளைவு ஒன்றல்ல. இதை அறிந்து பயிர்த் திட்டம் வகுப்பது அவசியம்.

எல் நினோ என்பது என்ன?

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையை ஒட்டிய கடல் இயல்பாகக் குளிர்ந்திருக்கும். சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்கடல் நீர் சூடேறி, மீன் வரத்து குறைந்துவிடும். அங்குள்ள மீனவர்கள் இதற்கு எல் நினோ, அதாவது ‘குழந்தை இயேசு’ என்று பெயரிட்டனர். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் பூமத்திய ரேகையை ஒட்டி நீரின் வெப்பம் பல மாதங்களுக்கு இயல்பைவிட அரை டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் உயர்ந்திருப்பதை இன்று எல் நினோ என்கிறோம். இதற்கு மாறாக நீர் குளிர்ந்திருப்பது லா நினா ஆகும்.

பஞ்சத்தில் பிறந்த ஆராய்ச்சி

1876-78 ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம் தமிழகத்தில் இலட்சக்கணக்கானோரைப் பலி கொண்டது. இந்திய வானிலைத் துறை அப்போது தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மழையை முன்கூட்டிச் சொல்ல வழி உண்டா என்ற தேடல் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகே தீவிரமாயிற்று. 1904-இல் இத்துறையின் தலைமைப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்தக் கணக்குகளை அவர் ஒப்பிட்டார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது என்று கண்டார். துலாக்கோலின் இரு தட்டுகள் போன்ற இந்த ஏற்ற இறக்கத்துக்கு 1924-இல் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். இதுவும் எல் நினோவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை 1969-இல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார்.

நம் மழைக்கு என்ன தொடர்பு?

சாதாரண ஆண்டுகளில் இந்தோனேசியாவைச் சுற்றியுள்ள கடல் சூடாக இருக்கும். அங்கே காற்று மேலெழும்பி மேகம் திரளும். எல் நினோ ஆண்டில் சூடான நீர் கிழக்கே நகர்கிறது. மேகம் திரளும் இடமும் உடன் நகர்கிறது. இதனால் இந்தியாவின் மேல் காற்று கீழ்நோக்கி அமுங்க, மழை மேகம் வளர்வது தடைப்படுகிறது. ஆகவே தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. அப்போது வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் கீழைக்காற்று தென்னிந்தியாவின் மேல் கூடுதலாகக் குவிகிறது. எனவே எல் நினோ ஆண்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பாகவோ மிகுதியாகவோ பெய்யும் வாய்ப்பு உயர்கிறது.

2015-ஆம் ஆண்டு இதற்குச் சான்று. வலுவான எல் நினோவால் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதம் குறைந்தது. அதே ஆண்டின் இறுதியில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. எல் நினோ மறைந்த 2016-இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதத்துக்கு மேல் குறைந்து கடும் வறட்சி வந்தது.

ஆயினும் இது தவறாமல் பலிக்கும் கணக்கு அல்ல. 1997-இல் எல் நினோ வலுவாக இருந்தும் தென்மேற்குப் பருவமழை குறையவில்லை. 2021-இல் லா நினா இருந்தும் தமிழகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. வாய்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டுமே எல் நினோ காட்டும்.

காவிரிப் பாசனத்தார் கவனத்துக்கு

மேட்டூர் அணைக்கு நீர் தருவது பெரிதும் குடகு, வயநாடு மலைகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே. ஆகவே எல் நினோ ஆண்டில் வயலில் மழை பெய்தாலும் வாய்க்காலில் நீர் குறையலாம். 2023-இல் ஜூன் 12 அன்று அணை திறக்கப்பட்டது. ஆகஸ்டில் மழை பொய்த்ததால் அக்டோபர் 10 அன்று மூடப்பட்டது. கடைமடையில் குறுவைப் பயிர் கருகியது. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. இத்தகைய ஆண்டில் ஆற்று நீரை மட்டும் நம்பி நீண்ட காலச் சம்பா ரகம் போடுவதைத் தவிர்க்கலாம். மத்திய கால ரகத்தை நேரடி விதைப்பு செய்வது பாதுகாப்பானது.

செய்ய வேண்டியவை

1. அறிவிப்பைக் கேட்கும்போது அது எந்தப் பருவமழைக்கு, எந்தப் பகுதிக்கு என்பதை முதலில் கவனிக்கவும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இரு பருவங்களுக்கும் தனித்தனியே மாவட்டவாரியாக முன்னறிவிப்பு தருகிறது.

2. கரிசல் மானாவாரியில் மழை தொடங்க 2, 3 வாரம் முன்பே சோளத்தை 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கலாம். இந்த ஆழத்தில் விழுந்த விதை சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காது. ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் வீதம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் நன்கு உலர்த்தி விதைத்தால் வறட்சியைத் தாங்கும்.

3. சரிவுக்குக் குறுக்கே உழவும். பண்ணைக்குட்டையைப் புரட்டாசிக்குள் தூர்வாரவும். மழை மிகலாம் என்பதால் வடிகாலையும் வெட்டி வைக்கவும்.

4. பயிர்க் காப்பீட்டுத் தொகையைக் கடைசி நாள் வரை காத்திராமல் கட்டவும். வறட்சிக்கு மட்டுமல்ல, வெள்ளத்துக்கும் அது துணை.

5. நேரான பக்கங்களுள்ள ஒரு தகரக் குவளையைத் திறந்த வெளியில் வைத்து, காலைதோறும் தேங்கிய நீரை அளவுகோலால் அளந்து குறித்து வரவும். ஒரு மி.மீ. மழை என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர். 25 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். ஐந்தாறு ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், எல் நினோ ஆண்டில் தம் ஊரில் என்ன நடக்கிறது என்பதை விவசாயி தாமே கண்டறியலாம்.